ஸ்டேஷன் விட்டு ஸ்டேஷன் நடை: குமரி மாவட்டத்தில் வேறு யாராவது நடக்கிறீர்களா?

பழையாற்றுக்கரை:

சிரிக்க மாட்டோம் என்று சொன்னால் ஒன்று கேட்கிறேன். ஒரு ஸ்டேஷனில் இறங்கி, ஊர்களுக்குள்ளும் வயல்களுக்குள்ளும், வாய்த்தால் கடற்கரையிலும் நடந்து, அடுத்த ஸ்டேஷனிலோ அதற்கு அடுத்ததிலோ ரயிலேறி வீட்டுக்குத் திரும்புகிற பழக்கம் நம் மாவட்டத்தில் வேறு யாருக்காவது உண்டா? இல்லை, நான் ஒருத்தன்தான் பைத்தியமா?

எனக்கு இது தொடங்கியதே பைக்கின் மேல் வந்த எரிச்சலில்தான். எங்கே போனாலும், எவ்வளவு நல்ல இடத்தில் நடந்தாலும், கடைசியில் பைக் நிற்கிற இடத்துக்கே திரும்ப வேண்டும். வந்த வழியிலேயே திரும்பி நடப்பது போல அலுப்பு வேறில்லை. ரயில் என்றால் இறங்கின இடத்தை அப்படியே மறந்துவிடலாம். பாசஞ்சரில் குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய், பையில் தண்ணீர், இரண்டு மட்டிப்பழம், செலவு முடிந்தது.

போன ஞாயிறு போனது சுசீந்திரம் – கன்னியாகுமரி. ரயிலில் உட்கார்ந்து சட்டையைச் சரி செய்வதற்குள் வந்துவிடுகிற தூரம். எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. சுசீந்திரத்தில் என்னோடு இறங்கியவர்கள் மூன்று பேர். கோபுரத்தைக் குறிவைத்து நடந்து, தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு சாயா குடித்துவிட்டு பழையாற்றின் கரையைப் பிடித்தேன். கரை என்று சொல்கிறேனே தவிர, சில இடத்தில் அகலமான மண்பாதை, சில இடத்தில் முள், சில இடத்தில் யாரோ வேலி போட்டு வாழை வைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் வயல் வரப்பில் இறங்கி, தென்னந்தோப்புக்குள் நுழைந்து, யாராவது அதட்டினால் ‘மணக்குடிக்குப் போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே போனேன். அதட்டியவர்களே வழியும் சொன்னார்கள். புத்தளம் உப்பளங்கள் வந்ததும் மரமெல்லாம் நின்றுபோய் கண்ணைக் கூசுகிற வெளிச்சம். பாத்திகளுக்கு நடுவில் கொக்கும் நாரையும் என்னைப் பொருட்படுத்தவே இல்லை.

மணக்குடியில்தான் பழையாறு கடலில் சேர்கிறது. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி பெயர்த்து எறிந்தது, இப்போது இருப்பது அதற்கப்புறம் கட்டியது. பாலத்தில் அரை மணி நேரம் நின்றேன். ஒரு பக்கம் அலையாத்திச் செடிகளும் அசையாத தண்ணீரும், மறுபக்கம் கடல். அங்கிருந்து கோவளம் வழியாகக் குமரி (கேரளத்துக் கோவளம் இல்லை, நம்ம கோவளம்). கரையில் வள்ளங்களெல்லாம் ஏற்றிப் போட்டுக் கிடந்தன, ஆள் நடமாட்டமே இல்லை. மீன்பாடு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். மணலில் நடக்கலாம் என்ற ஆசை பாதிதான் பலித்தது, கல் கொட்டி வைத்திருக்கிற இடங்களில் எல்லாம் ரோட்டுக்கு ஏற வேண்டியிருந்தது. போன் கணக்குப்படி மொத்தம் 19 கிலோமீட்டர்.

குமரி ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் நிற்கிறது. ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர், இந்தியாவிலேயே அதிக தூரம் ஓடுகிற வண்டி. அதன் ஜன்னல்களில் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்துப் பிளாட்பாரத்தில், கோட்டாறு ஸ்டேஷன் (நாகர்கோவில் ஜங்ஷன்) வரைக்கும் 10 ரூபாய் டிக்கெட்டோடு, கால் முழுக்க உப்புச்சேறோடு நான்.

அடுத்து எங்கே போகலாம், சொல்லுங்கள்.


கடைசிப்பெட்டி:

இதற்குப் போய் வழி தேடுவானேன் தம்பி? தண்டவாளம்தான் இருக்கிறதே. 1979-இல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி பாதை திறந்தபோது நான் நாலாம் வகுப்பு. ரயிலைப் பார்க்க ஊரே இரணியலில் கூடியது, என் பாட்டி இன்ஜினுக்குக் கைகூப்பினாள். அதற்கப்புறம் எத்தனை வருடம் இரணியலிலிருந்து பள்ளியாடி வரைக்கும் லைன் மேலேயே நடந்திருக்கிறோம். வழி தவறவே தவறாது. நிழல் மட்டும் கிடையாது.


கேட்கீப்பர் மகன்:

அண்ணே, வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் சொல்கிறேன், இந்த யோசனையை இங்கே எழுதாதீர்கள். படித்துவிட்டு எவனாவது போவான்.

என் அப்பா லெவல் கிராசிங்கில் வேலை பார்த்தவர். நீங்கள் நடந்த காலத்தில் ஒற்றை லைன், டீசல் இன்ஜின், நாளைக்குச் சில வண்டிகள். சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே கேட்கும். இப்போது மின்சார இன்ஜின், பின்னாலிருந்து வந்தால் கிட்டே வரும் வரைக்கும் தெரியாது, அதுவும் காற்று எதிர்ப்பக்கமாக அடித்தால் சுத்தமாகக் கேட்காது. இரட்டை லைன் ஆகிவிட்ட இடங்களில் ஆபத்து வேறு மாதிரி. ஒரு வண்டி வருகிறதென்று ஒதுங்கி அடுத்த லைனில் போய் நிற்பார்கள், எதிர்வண்டி அதில்தான் வரும். முதல் வண்டியின் இரைச்சலில் இரண்டாவது வண்டியின் ஹாரன் காதில் ஏறாது. அப்பா பார்த்ததில் பாதி இப்படித்தான். ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார், அம்மா எதுவும் கேட்க மாட்டாள்.

சட்டமும் இருக்கிறது. 1989 ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவு, அத்துமீறி லைனில் நடந்தால் ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். பாலங்களில் நடப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் பழையாற்றுக்கரை அண்ணன் சொல்வது வேறு. அது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், லைன் மேலே இல்லை. அதற்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. கேட் இருக்கிற இடத்தில் கேட்கீப்பரிடம் வழி கேளுங்கள். எந்த ஊடுவழி எங்கே போய் முட்டும், எதில் மழைக்குத் தண்ணீர் கட்டும் என்று அவருக்குத் தெரிகிற அளவு கூகுள் மேப்புக்குத் தெரியாது. கேட்டை எடுத்துவிட்டு லைனுக்கு அடியில் சுரங்கப்பாதை வைத்திருக்கிற இடங்களில் ஐப்பசி மழையில் முட்டளவு தண்ணீர் நிற்கும், அதையும் மனதில் வையுங்கள்.


கடைசிப்பெட்டி:

சரி தம்பி. வாயை மூடிக்கொண்டேன். உங்கள் அப்பா எந்த கேட்?


கேட்கீப்பர் மகன்:

அதை வேண்டாம் அண்ணே. நீங்கள் அவரிடம் திட்டு வாங்கியிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது.


இரணியல்காரி:

நானும் என் நாத்தனாரும் இரண்டு வருடமாக நடக்கிறோம். இதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றே தெரியாது, நாங்கள் ‘சும்மா போய்ட்டு வாறோம்’ என்றுதான் வீட்டில் சொல்வோம்.

எங்கள் வழி இரணியல் ஸ்டேஷனிலிருந்து கடலுக்கு. ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரணியல் ஸ்டேஷனில் இறங்கினால் இரணியல் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஊருக்கு நடக்க வேண்டும். இரணியலில் வேணாட்டு அரசர்களின் பழைய அரண்மனை இருக்கிறது. பத்மநாபபுரத்துக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் கூட இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. அப்புறம் திங்கள்நகர், அங்கிருந்து மண்டைக்காடு. மாசிக் கொடை நேரத்தில் போனால் ரோடே தெரியாது, பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு கேரளத்திலிருந்தெல்லாம் வருவார்கள். மற்ற நாட்களில் அமைதி. அம்மனை வணங்கி, மண்டையப்பம் கிடைத்தால் வாங்கி, பத்து நிமிடம் நடந்தால் கடல்.

அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மண்டைக்காட்டிலிருந்து மணவாளக்குறிச்சிப் பக்கம் போகப் போக மணலின் நிறம் மாறும். முதலில் வெள்ளைக்கு நடுவில் கறுப்புக் கோடு கோடாக இருக்கும், அப்புறம் கறுப்பும் சிவப்பும்தான், யாரோ மிளகாய்ப்பொடியையும் கரித்தூளையும் கலந்து கொட்டினது போல. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட் என்று என் மகள் பாடத்தில் படித்துச் சொன்னாள். இந்த மணலில் மோனசைட்டும் உண்டு, அதற்குள் தோரியம். அதனால்தான் அங்கே மத்திய அரசின் மணல் ஆலையே இருக்கிறது. நடக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: பத்து மணிக்கு மேல் அந்தக் கறுப்பு மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. என் நாத்தனார் பக்தியில் செருப்பைக் கோயில் வாசலோடு மறந்துவிட்டு வந்து பட்ட பாடு இன்னும் குடும்பத்தில் கதையாக ஓடுகிறது. பிறகு வள்ளியாறு, கடியப்பட்டணம், முட்டம். முட்டத்துப் பாறைகளில் உட்கார்ந்து கட்டுச்சோறு. அங்கிருந்து பஸ்ஸில் நாகர்கோவில்.

பெண்களுக்கு இதில் இரண்டு தொல்லை. ஒன்று, ‘எங்க பிள்ளே போற, ஆரு வீட்டுக்கு?’ என்று எல்லா வாசலிலிருந்தும் வருகிற கேள்வி. முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது ‘மண்டைக்காட்டு அம்மைக்கு நேர்ச்சை’ என்று சொல்லிவிடுகிறோம். உடனே தண்ணீரும் மோரும் கிடைக்கும். பொய்தான், ஆனால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். இரண்டாவது கழிப்பறை. ஒரு ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். அதிலிருந்து வழியில் பெரிய கோயில், சர்ச், பஸ் ஸ்டாண்டு எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் வழியே போடுகிறோம். ஆண்கள் இதையெல்லாம் எழுத மாட்டீர்கள், அதனால் நான் எழுதுகிறேன்.


தண்டவாளப் பிடிவாதம்:

அக்கா, எல்லாம் சரி. ஆனால் முட்டத்திலிருந்து பஸ் ஏறினால் அது ஸ்டேஷன் விட்டு ஸ்டேஷன் நடை ஆகாது. தலைப்பு என்ன சொல்கிறது? முட்டத்திலிருந்து வீராணி ஆளூர் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து ரயில் ஏறினால் ஒத்துக்கொள்வேன்.


இரணியல்காரி:

நீங்கள் முதலில் அதை நடந்து காட்டுங்கள் தம்பி. நாங்கள் ஆளூரில் மோர் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.


பழையாற்றுக்கரை:

பிடிவாதம் தம்பிக்கு ஒரு வார்த்தை. நம் மாவட்டத்துக்கு இருக்கிற சிக்கலே அதுதான். கடல் மூன்று பக்கத்தையும் சுற்றிக் கிடக்கிறது என்று பெயர், ஆனால் ரயில் கடலைத் தொடுவது கன்னியாகுமரியில் மட்டும்தான். மற்றபடி லைன் முழுக்க உள்நாட்டில் ஓடுகிறது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், ஒன்றுக்கும் ஸ்டேஷன் இல்லை. அதனால் கடற்கரை நடை என்றால் ஒரு முனையில் ரயில், மறு முனையில் பஸ். இதையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் எனக்குக் குமரி – சுசீந்திரம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. வழியைப் போட்டுவிட்டு வண்டியைத் தேடாதீர்கள். முதலில் திரும்புகிற வண்டி, அப்புறம் வழி. சின்ன ஸ்டேஷன்களில் நிற்பது பாசஞ்சர்கள்தான், அதுவும் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், நடுவில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்குள் போய் விழுந்தால் பெஞ்சில் படுத்துத் தூங்க வேண்டியதுதான்.


தோவாளை பிச்சி:

கடல் கடல் என்று எல்லாரும் ஒரே பக்கம் ஓடுகிறீர்கள். கிழக்கே வாருங்கள். திருநெல்வேலி லைன், 1981-இல் வந்தது. தோவாளையில் இறங்கி ஆரல்வாய்மொழிக்கு நடங்கள். தூரம் அதிகமில்லை, அதனால்தான் சுற்றிச் சுற்றிப் போகலாம்.

பூச்சந்தை விடியுமுன்னே தொடங்கிவிடும். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கொழுந்து, கிரேந்தி. ஓணம் வருகிற வாரத்தில் கிரேந்தி மலையாகக் குவிந்து கிடக்கும், கேரளத்து வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மாணிக்க மாலை கட்டுகிறவர்களை வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கலாம், பூவை மடித்து மடித்துப் பாய் பின்னுவது போலக் கட்டுவார்கள், 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பெரியம்மா அந்த வேலைதான். குறியீடு வந்த அன்று டிவி பார்த்துவிட்டு ‘இதுக்கு மொழத்துக்கு எவ்ளோ கூடும்?’ என்று கேட்டாள்.

சந்தையை விட்டு வெளியே வந்தால் இடப்பக்கம் மலை கூடவே வரும். நடந்துகொண்டிருக்கும்போதே ஊர் மாறுவது தெரியும். தோவாளையில் பச்சை, தென்னை, வாய்க்கால் தண்ணீர். ஆரல்வாய்மொழி தாண்டினால் பனையும் உடைமரமும் சிவந்த மண்ணும். மலை மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு காற்றை மட்டும் கணவாய் வழியாக அந்தப் பக்கம் அனுப்புகிறது, அவ்வளவுதான் விஷயம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நட்டு வைக்கவில்லை. ஆனி முதல் ஆவணி வரை தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழிக்குத்தான் நடக்க வேண்டும், காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கமாக நடந்தால் வாய்க்குள் மண், தலையில் துண்டு நிற்காது. 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் படைகள் ஆங்கிலேயரைத் தடுக்கப் பார்த்ததும் இந்தக் கணவாயில்தான்.


மேற்குவிளை:

பார்த்தீர்களா, ஒருவர் கூட இரணியலுக்கு மேற்கே வரவில்லை. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு மாவட்டம் அத்தோடு முடிந்துவிடும். கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 அன்று உங்களோடு சேர்ந்துதானே தமிழ்நாட்டுக்கு வந்தது? சரி, சண்டை வேண்டாம், வழி சொல்கிறேன்.

பள்ளியாடியில் இறங்குங்கள். பழையபள்ளி என்று ஒரு தலம் உண்டு, எந்த மதத்துக்காரரும் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார்கள். அங்கிருந்து திருப்பன்றிக்கோடு, அப்புறம் நட்டாலம், அப்புறம் குழித்துறை. பெயர்களைக் கேட்டதும் தெரிந்திருக்கும், சிவாலய ஓட்டத்தின் கடைசி இரண்டு கோயில்களும் இந்த வழியில்தான். சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையிலிருந்து காவி வேட்டியும் கையில் விசிறியுமாக ‘கோவிந்தா கோபாலா’ என்று பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஊர் இது. நடையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் மூன்று முறை ஓடியிருக்கிறேன், நட்டாலத்தில் முடிக்கும்போது கால் என்னுடையதே இல்லை.

நட்டாலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு, தேவசகாயம் பிறந்த ஊர். 2022-இல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அவர்தான். தோவாளை பிச்சி சொன்ன ஆரல்வாய்மொழியில், காற்றாடிமலையில், 1752-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பிறந்த இடம் என் வழியில், இறந்த இடம் உங்கள் வழியில்.

இந்தப் பக்கம் நேர்வழி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு விளை (தோட்டம்), ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ஏலா (வயல்வெளி). நான் சின்னவனாக இருந்தபோது ஏலா என்றால் நெல், இப்போது முக்கால்வாசி வாழை, மிச்சம் மரச்சீனி, சில இடத்தில் ரப்பரே இறங்கிவிட்டது. வரப்பில் நடந்து கால்வாய்க் கரையில் ஏறினால் கொஞ்ச தூரம் சமமாகப் போகலாம், நிழலும் உண்டு. மாசி பங்குனியில் ரப்பர் தோட்டத்துக்குள் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பார்கள், கிட்டே போய் படம் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். முகம் இரண்டு நாள் பூசணிக்காயாக இருந்தது.

குழித்துறையில் ஆற்றைப் பார்க்காமல் ரயில் ஏறாதீர்கள். நம்ம தாமிரபரணி, திருநெல்வேலிக்காரர்களுடையது இல்லை. தண்ணீர் குறைவாக இருந்தால் சப்பாத்துப் பாலத்தில் நின்று கால் நனைக்கலாம், மழைக்காலத்தில் அதன் மேலேயே ஆறு ஓடும், அப்போது பக்கத்தில் கூட போகக்கூடாது. ஆடி அமாவாசை நேரம் என்றால் வாவுபலி பொருட்காட்சி நடக்கும், மரக்கன்று வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை.


வள்ளக்காரன்:

நான் இந்தப் பக்கம் எழுதுகிறவன் இல்லை, படித்துக்கொண்டிருந்தேன். பழையாற்றுக்கரை, ‘மீன்பாடு சரியில்லை போல’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வந்தது ஞாயிறு. ஞாயிறு நாங்கள் கடலுக்குப் போக மாட்டோம், எல்லாரும் கோயிலில் பூசைக்கு நின்றிருப்போம். அதனால்தான் கரையில் ஆள் இல்லை. கடற்கரையைப் பார்க்க வேண்டுமென்றால் வார நாளில் விடியற்காலம் வாருங்கள். கரமடி (கரையில் நின்று இழுக்கிற வலை) இழுக்கிற நேரமாக இருந்தால் சும்மா நின்று போன் பிடிக்காமல் கயிற்றில் ஒரு கை வையுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் வைத்தவனுக்கு ஒரு பிடி மீன் கண்டிப்பாக உண்டு.

நீங்கள் கல் கொட்டி வைத்திருக்கிறது என்று சொன்னது அலைத்தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவும். அதன் மேல் ஏறி நடக்கலாம் என்று யாருக்காவது தோன்றினால் வேண்டாம். கல்லுக்குக் கல் இடைவெளி, பாசி, விழுந்தால் கால் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆனி ஆடியில் மேற்குக் கரை முழுக்கக் கடல் ஏறி அடிக்கும், போன மாதம் நீங்கள் நடந்த மணலே இந்த மாதம் இருக்காது. பொழி (ஆறு கடலில் சேர்கிற வாயில் இருக்கும் மணல்திட்டு) உடைந்திருக்கும்போது கணுக்கால் தண்ணீர்தானே என்று குறுக்கே இறங்கக்கூடாது, அடியில் இழுப்பு வேறு மாதிரி இருக்கும். பாலம் எதற்குக் கட்டியிருக்கிறது?

இன்னொன்று கள்ளக்கடல். காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கேயோ தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை இங்கே வந்து திடீரென்று ஏறும். சித்திரை வைகாசியில் அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனது உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கை இருக்கிற நாளில் நாங்களே வள்ளத்தை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு வீட்டில் இருக்கிறோம், நீங்கள் நனைந்த மணலில் என்ன நடை?

துறைமுகம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: நம் மாவட்டத்தில் விசைப்படகுத் தடைக்காலமே இரண்டு. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்கே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. ஒரு பக்கம் அடைத்திருந்தால் மறுபக்கம் போங்கள்.

கடைசியாக ஒன்று. வலை பொத்திக்கொண்டிருக்கிற பெரியவர்களிடம் ஒக்கிப் புயலைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.


பழையாற்றுக்கரை:

வள்ளக்காரன் அண்ணனுக்கு நன்றி. ஞாயிறு விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்து இது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். ஒக்கி பற்றிச் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். 2017 நவம்பர் 30, எங்கள் தெருவில் மரங்கள் விழுந்ததை மட்டும்தான் நான் ஒக்கி என்று நினைவு வைத்திருந்தேன்.

நேற்று மேற்குவிளை அண்ணன் சொன்ன வழியில் போய் வந்தேன், கதையைக் கேளுங்கள். பள்ளியாடியில் இறங்கியபோது எட்டு மணி. திருப்பன்றிக்கோடு வரை சிரமம் இல்லை. அதற்கப்புறம் ஒரு ஏலாவுக்குள் இறங்கினேன், மறுபக்கம் ஏறினேன், ரப்பர் தோட்டம். தோட்டத்தைத் தாண்டினால் இன்னொரு ஏலா, மறுபடியும் ரப்பர் தோட்டம். மூன்றாவது தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா, ‘இப்பந்தானே இதுவழி போனிய?’ என்றார். ஒரே இடத்தை இரண்டாம் முறை சுற்றியிருக்கிறேன். போனில் சிக்னல் இருந்தது, வரைபடத்தில் என் நீலப்புள்ளி ஒரு பச்சைப் பரப்பின் நடுவில் அசையாமல் நின்றது, அதைச் சுற்றி ஒரு கோடு கூட இல்லை. அந்த அக்காதான் தன் பையனைக் கூட அனுப்பி நட்டாலம் கோயில் வாசல் வரை கொண்டுவிடச் சொன்னார். ஆறாம் வகுப்புப் பையன். வழி முழுக்க, நான் எதற்காக ரயிலில் வந்து நடந்து மறுபடி ரயிலில் போகிறேன் என்று கேட்டுக்கொண்டே வந்தான். எதையெதையோ சொல்லிப் பார்த்தேன், ‘அப்ப மொதல்லயே இறங்காம இருந்திருக்கலாம்லா?’ என்றான்.

நட்டாலத்தில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயாக்கடையில் ஒதுங்கி இரண்டு பழம்பொரி. மழை விட்டுக் குழித்துறைக்கு வந்தால் என் பாசஞ்சர் போய் இருபது நிமிடம். அடுத்தது மாலையில்தான். முதலில் வண்டி, அப்புறம் வழி என்று இங்கே பெரிய மனுஷன் மாதிரி எழுதினவன் நான்தான். ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மார்த்தாண்டத்துக்கு வந்து பஸ் ஏறினேன்.


தண்டவாளப் பிடிவாதம்:

பஸ். குறித்துக்கொண்டேன்.


மேற்குவிளை:

கால்வாய்க் கரையை விட்டு இறங்காதே என்று சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. அடுத்த முறை நானே கூட வருகிறேன். குழித்துறை மேற்கிலிருந்து பாறசாலைக்குப் போவோம், களியக்காவிளை வழியாக எல்லை தாண்டி. போகும்போது தமிழில் சாயா, முடிக்கும்போது மலையாளத்தில் சாயா. விலை ஒன்றுதான்.


இரணியல்காரி:

அந்தப் பையனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?


பழையாற்றுக்கரை:

ஒன்றும் சொல்லவில்லை அக்கா. கையிலிருந்த மட்டிப்பழத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை தோவாளைக்குப் போகலாம் என்றிருக்கிறேன், யார் யார் வருகிறீர்கள்? சந்தை களைகட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.


தோவாளை பிச்சி:

சந்தையைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு இங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குத் தோவாளையில் நிற்கிற பாசஞ்சர் எது? எனக்குத் தெரிந்து இல்லை.


பழையாற்றுக்கரை:

அப்படியானால் பைக்கில்தான் வர வேண்டும். பைக் வேண்டாம் என்றுதானே இதையெல்லாம் தொடங்கினேன்.


கேட்கீப்பர் மகன்:

பைக்கைத் தோவாளை ஸ்டேஷனில் போடுங்கள். சந்தை பார்த்துவிட்டு ஆரல்வாய்மொழிக்கு நடங்கள். அங்கிருந்து நாகர்கோவில் பாசஞ்சரில் ஒரு ஸ்டேஷன் வந்தால் பைக் நிற்கிற இடத்தில் இறங்கலாம். நேரத்தை மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், லைனில் வேலை நடந்தால் மாற்றுவார்கள். நான் வருகிறேன், அப்பாவும் வருவார் என்று நினைக்கிறேன்.


தண்டவாளப் பிடிவாதம்:

இது கணக்கில் சேரும். நானும் வருகிறேன்.


இரணியல்காரி:

நாங்கள் இரண்டு பேர். நாத்தனார் இந்த முறை செருப்போடு வருவாள்.